சீம்பால் பங்கு

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

காலையில் மூன்று மாடு, ஒரு ஆடு. இரண்டு மாட்டுக்கு மடிவீக்கம். லிந்துலை டவுனிலிருந்து ஓர் அம்மா பூனைக்குட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்து, இது ஏன் யாரோடும் ஒட்டமாட்டேன் என்கிறது, மருந்து இருக்கிறதா என்று கேட்டார். இதற்குத்தான் பேராதனையில் நாலு வருஷத்துக்கு மேல் மிருக வைத்தியம் படித்தேன்.

பதினொரு மணி இருக்கும், மாயாண்டி மாமா வந்தார். தோளில் சாக்கு, சாக்குக்குள் அவருடைய நாய் கறுப்பன். பன்றி பிடிக்க எவனோ தேயிலை மலையில் வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டியிருக்கிறது. இடுப்பைச் சுற்றிக் கம்பி சதைக்குள் இறங்கிவிட்டது. இரத்தம் படும் என்று த்ரீவீலர்காரன் ஏற்றவில்லையாம். தோட்டத்து மேல் பிரிவிலிருந்து நாலு மைல் தூக்கிக்கொண்டே நடந்திருக்கிறார், எழுபது வயதில்.

மயக்க மருந்து முடிந்து இரண்டு வாரம். மரத்துப்போகிற ஊசிதான் இருந்தது. மாமா நாயின் கழுத்தையும் முன்னங்காலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அது ஊளையிட்டது, அவர் கையைக் கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிடியை விடாமல் நின்றார். நான் கம்பியை வெட்டினேன். உதவியாளன் வீரய்யா என் போனில் எல்லாவற்றையும் படமெடுத்தான். எது செய்தாலும் வீடியோ எடு அக்கா, வேனுக்குக் காசு சேர்க்க உதவும் என்று தம்பி றொக்சன் சொல்லியிருந்தான்.

கறுப்பன் பிழைத்துக்கொள்ளும். மாமாவைத்தான் ஊசி போட ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பெப்ரவரி 13, வியாழன்

வீடியோவை றொக்சனுக்கு அனுப்பினேன். கொழும்பில் விளம்பரக் கம்பனியில் வேலை செய்கிறவன், அவனுக்குத் தெரியும்.

வேன். பேராதனையில் இரண்டாம் வருஷம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வரைந்தது. உள்ளே மடக்குகிற ஆபரேஷன் மேசை, மேலே விளக்கு, பக்கத்தில் மருந்துப் பெட்டி. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயம் லயமாகப் போகணும். மலையில் மாடு படுத்துவிட்டால் என்னிடம் தூக்கிக்கொண்டா வர முடியும்? நாற்பது வயதாகப் போகிறது, இன்னும் பஸ்ஸில் பையைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். கல்யாணத்துக்குக் கூட இத்தனை ஆசைப்பட்டதில்லை என்று அம்மா திட்டுவாள். உண்மைதான்.

மாயாண்டி மாமாவின் பசு லெட்சுமிக்கு ஏப்ரல் கடைசியில் கன்று. ஜூலையில் நான்தான் சினை ஊசி போட்டேன். அவர் மனைவி ராசம்மா அத்தை இப்போதே சீம்பாலுக்குச் செம்பு எடுத்து வைத்துவிட்டாராம். நான் பிறந்த அந்த லயத்தில் மாடு கன்று போட்டால் சீம்பால் எல்லாக் காம்பிராவுக்கும், ஒரு வீடு விடாமல் போகும், முதல் செம்பு பிரசவம் பார்த்த ஆளுக்கு. நான் டொக்டராகி வந்த நாளிலிருந்து அது எனக்குத்தான். அந்த லயத்தில் என்னிடம் ஃபீஸ் என்ற பேச்சை எடுத்தவர் கிடையாது. எடுத்தால் நான் சும்மா விடவும் மாட்டேன்.

பெப்ரவரி 20, வியாழன்

றொக்சன் வெட்டித் தொகுத்த வீடியோவை அனுப்பிவிட்டு, பார் பார் என்று நச்சரித்தான். மேல் பிரிவுக்குப் போய்க்கொண்டிருந்தேன், சிக்னல் இல்லை. கோயில் வளைவில் நின்று போனைத் தலைக்கு மேலே பிடித்துப் பார்த்தேன். பச்சை மலை வந்தது, பனி வந்தது, நான் வெள்ளைக் கோட்டில் வந்தேன். வீடியோ அங்கேயே நின்று சுற்றிக்கொண்டிருந்தது. மழை வேறு. "நல்லாருக்கு, போடு" என்று அனுப்பிவிட்டேன்.

பெப்ரவரி 24, திங்கள்

காசு வருகிறதாம்! கனடாவிலிருந்து கூட! அம்மாவுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனேன்.

மார்ச் 2, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்ததும் சர்மிளா கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். மேல் பிரிவு ஸ்கூல் டீச்சர், என்னோடு படித்தவள். "நீ இதை முழுசாப் பாத்தியா?" என்றாள். அவள் போனில் பார்த்தேன்.

பச்சை மலை. பனி. நான். அதற்குப் பிறகுதான் கறுப்பனின் ஊளை. மாமாவின் கை நாயின் கழுத்தை அழுத்துகிறது. அந்தக் கையை மட்டும் மெதுவாக, திரும்பத் திரும்பக் காட்டுகிறான். பல்லைக் கடித்த அவர் முகம். இரத்தம். அதற்கு மேல் எழுத்து, இங்கிலீஷில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று: தோட்டங்களில் தினமும் நடக்கும் கொடுமை, இவர்களிடமிருந்து இந்த உயிர்களைக் காப்பாற்ற உதவுங்கள்.

இவர்களிடமிருந்து! யாரிடமிருந்துடா?

நாலு மைல் சுமந்து வந்தது இல்லை. சாக்கு இல்லை. கடைசியில் நான் கம்பியை வெட்டுகிறேன், கறுப்பன் என் கையை நக்குகிறது. கீழே ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கிழவனைக் கட்டிவைத்து அடிக்கணுமாம். தோட்டத்து ஆட்களுக்கு மனுசத்தனமே கிடையாதாம். சர்மிளாவின் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மாமாவின் பேத்தி மூன்று நாளாக ஸ்கூலுக்கு வரவில்லை.

கோயில் மதிலில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. றொக்சனோடு போனில் பேசியதை இன்றைக்காவது எழுதி வைக்கணும், இல்லாவிட்டால் நாளைக்கு நானே அவனுக்காகச் சாக்குச் சொல்லிவிடுவேன்.

முதலில் சிரித்தான். பிறகு, கத்தாதே அக்கா என்றான். சும்மா நாயைக் காட்டினால் யாரும் காசு தரமாட்டார்களாம், கோபப்பட ஓர் ஆள் வேண்டுமாம். மாமா பேஸ்புக்கா பார்க்கப்போகிறார் என்று கேட்டான். பார்த்துட்டாருடா. ஊரே பார்த்துருச்சு.

ஆறு வயதில் இவனுக்குக் காய்ச்சல் கண்டு இழுப்பு வந்தபோது அப்பா மலையில் வேலையில் இருந்தார். மாயாண்டி மாமாதான் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பின்னாலேயே நான் ஓடியது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதைச் சொன்னேன்.

"அது வேற அக்கா. இது வேலை."

ஏழாம் நம்பர் காம்பிராவில் பிறந்தவன், பத்திநாதன் மகன், என் தம்பி. வெளியாள் செய்திருந்தால் நாலு வார்த்தை கிழித்துவிட்டு மறந்திருப்பேன். எந்த முகம் பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும், எந்தக் கை கொலைகாரக் கை மாதிரித் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது பார். நம்ம ஆள் முகம்.

வீடியோவை அழித்துவிடு என்றேன். முடியாதாம், ஆயிரம் பேர் ஏற்கெனவே எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்களாம். போனை வைக்கும்போது சொன்னான்: "நீதானே ஓகே சொன்ன?"

மார்ச் 6, வியாழன்

தோட்டத்து மானேஜர் துரை வீடியோவைப் பார்த்திருக்கிறார். லயத்தை ஒட்டிய மாட்டுக் கொட்டகைகளைக் கழற்றச் சொல்லி ஆபீஸில் நோட்டீஸ். மாட்டைச் சரியாகப் பராமரிக்காதவர்கள் வளர்க்கக் கூடாதாம். மூன்று வருஷமாக அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்த தோட்ட நிர்வாகத்துக்கு என் வெள்ளைக் கோட்டு நல்ல சாட்சி. மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா என்னைப் பார்த்து, நல்ல வேலை செய்தீங்க டொக்டர் என்று சிரித்தார். அறைந்திருக்கணும்.

மார்ச் 9, ஞாயிறு

ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு இன்றைக்குப் போனேன். லயத்தில் நான் வருவதைப் பார்த்து இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ராசம்மா அத்தை வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கறுப்பன் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. அது வராமல் இருந்திருக்கலாம்.

மாமா கட்டுப்போட்ட கையோடு வெளியே வந்தார். தம்பி ஏமாற்றிவிட்டான், எனக்குத் தெரியாது, நான் எடுக்கச் சொல்லிவிட்டேன் என்று கொட்டித் தீர்த்தேன். முழுசாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீ பாத்துட்டுத்தானே போடச் சொன்ன, பாப்பா?"

நான் என்ன சொல்ல? சிக்னல் இல்லை என்றா? மழை பெய்தது என்றா? பாதியில் நின்றது, மீதியைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை, வேன் கண்ணை மறைத்தது. அதுதான் உண்மை. கோயில் வளைவிலிருந்து பத்து நிமிஷம் ஏறியிருந்தால் ஸ்கூல் வாசலில் நல்ல சிக்னல் இருக்கிறது. எனக்குத் தெரியும். ஏறவில்லை.

"பாக்கல மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். றொக்சன் எனக்குச் செய்ததை நான் இவருக்குச் செய்திருக்கிறேன். அவன் தெரிந்து செய்தான், நான் பார்க்காமல் செய்தேன். அத்தைக்கு அதில் என்ன பெரிய வித்தியாசம்?

மார்ச் 14, வெள்ளி

காலை ஆறரைக்குப் பெரட்டுக்குப் போனேன். பேர் கொடுக்க எல்லாரும் கூடுகிற இடம், அங்கே சொன்னால்தான் தோட்டத்தில் சொன்னதாக அர்த்தம். கண்டாக்கு ஐயாவிடம் இரண்டு நிமிஷம் கேட்டேன். வேண்டாவெறுப்பாகக் கொடுத்தார்.

மாயாண்டி மாமா நாயை நாலு மைல் சுமந்து வந்தவர், அது கடித்தும் விடாமல் பிடித்தவர், அந்தப் படம் பொய், அதைப் பார்க்காமல் விட்டது என் குற்றம் என்று சொன்னேன். நூறு பேருக்கு மேல் நின்றார்கள். மாமாவும் நின்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியிருந்த அழகம்மா அக்கா மட்டும் வாயைத் திறந்தார்.

"பெரட்டுல சொல்லிட்டீங்க, சரி. கனடாவுல யாரு சொல்லுவா?"

எல்லாரும் மலைக்குப் போனார்கள்.

மார்ச் 15, சனி

உண்மையைச் சொல்லி நானே ஒரு வீடியோ போட்டேன். மாலை வரைக்கும் நாற்பத்தொரு பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் ஒரு ஆள் அம்மா.

ஏப்ரல் 3, வியாழன்

கொட்டகைக்கு மே மாதம் வரை தவணை. பெரட்டில் நான் சொன்னதும், பிறகு துரைக்கு எழுதிக் கொடுத்த கடிதமும் கொஞ்சம் உதவியிருக்கலாம். ஆனாலும் பயத்தில் நாலு பேர் கினிகத்தேனை யாவாரிக்கு மாட்டை விற்றுவிட்டார்கள், பாதி விலைக்கு. நாலும் நான் ஊசி போட்ட மாடுகள். மாமா விற்கவில்லை.

ஏப்ரல் 12, சனி

வேன் வந்தது.

றொக்சன் ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினான். கோபம் தீர்ந்திருக்கும் என்று நினைத்தானோ என்னவோ. கதவைத் திறந்து காட்டினான். மடக்குகிற மேசை, மேலே விளக்கு, பக்கத்தில் மருந்துப் பெட்டி. அந்தக் கொப்பியை எங்கிருந்து எடுத்தானோ, நான் வரைந்தபடியே செய்திருக்கிறான். பாவி. அதுதான் தாங்க முடியவில்லை. மேசையைத் தொட்டுப் பார்த்தேன்.

வெளியே பக்கவாட்டில் பெரிய படம். கறுப்பன், கம்பியோடு. கழுத்தில் மாமாவின் கை.

இதை நான் மேல் பிரிவுக்கு ஓட்டிக்கொண்டு போகணுமா? படத்தைச் சுரண்டு என்றேன். காசு கொடுத்தவர்கள் அதைத்தான் பார்க்க விரும்புகிறார்கள் என்றான். அப்படியானால் கொழும்புக்கே கொண்டுபோ என்றேன். சண்டை பிடிப்பான் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. கொழும்பிலும் நாய்கள் இருக்கின்றனவாம். அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோயிலுக்குப் போனேன். தம்பிக்காக வேண்ட முடியவில்லை. எனக்காகவும் வேண்டவில்லை. லெட்சுமிக்காக வேண்டினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மத்தியானம் இரண்டு மணிக்கு மாமா வந்தார். உள்ளே வரவில்லை. தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு வெளியே நின்றார், துரையின் பங்களா வாசலில் நிற்பது போல.

"கன்னு குறுக்கால நிக்குதுங்க, டொக்டர். கொஞ்சம் வரமுடியுங்களா?"

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வழி முழுக்க அவர் மாட்டைப் பற்றித் தவிர வேறொன்றும் பேசவில்லை. கொட்டகையில் ஒன்றரை மணி நேரம். தோள்பட்டை வரை கையை விட்டுக் கன்றின் தலையைத் திருப்பினேன். மாமா கயிற்றைப் பிடித்தார், கடிபட்ட அதே கையால். அத்தை லெட்சுமியின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் இழு என்றதும் மாமா இழுத்தார், நிறுத்து என்றதும் நிறுத்தினார். வேலையில் மட்டும் நாங்கள் பழைய மாதிரியே இருந்தோம்.

கிடாரிக் கன்று. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. மூச்சு விட்டது, தும்மியது, எழுந்து நிற்கப் பார்த்தது. சந்தோஷத்தில் நான் அத்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவரும் சிரிக்க வந்து, நிறுத்திக்கொண்டார்.

கை கழுவச் சுடுதண்ணீர் கொடுத்தார்கள், புதுச் சோப்பு கொடுத்தார்கள். உட்கார நாற்காலி போட்டார்கள். அந்த வீட்டில் நான் நாற்காலியில் உட்கார்ந்ததே கிடையாது. மாமா எதிரில் வந்து நின்றார்.

"எவ்வளவுங்க?"

முதலில் புரியவில்லை. புரிந்ததும், வேண்டாம் மாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். வாங்காவிட்டால் இனிமேல் கூப்பிடமாட்டார். மாடு செத்தாலும் கூப்பிடமாட்டார்.

ஒரு தொகை சொன்னேன். அத்தை உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தார். வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

வீரய்யாவும் அந்த லயம்தான். காலையில் டிபன் பெட்டியில் சீம்பால் கொண்டு வந்தான். சர்க்கரை போட்டுக் காய்ச்சியது. லயத்தில் இருபத்துநாலு காம்பிராவுக்கும் கொடுத்தார்களாம், கண்டாக்கு ஐயா வீட்டுக்குக் கூடப் போனதாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் பங்கில் பாதி எடுத்துக்கொள்ளச் சொன்னான். நீ சாப்பிடு, எனக்கு வயிறு சரியில்லை என்றேன்.

மாமா தந்த நோட்டுகள் இந்தப் பக்கத்துக்குள்ளேதான் இருக்கின்றன.

நாளைக்குக் கன்றின் தொப்புளைப் பார்த்து மருந்து போடணும். அவர்கள் கூப்பிடவில்லை. ஐந்தே முக்கால் பஸ்ஸில் போகிறேன். எவ்வளவு என்று கேட்டால் சொல்வேன்.