அஞ்சாம் லேனில் ஒரு பல்பு

ஜூலை 6, ஞாயிறு

விடியும்போதே புழுக்கம். முதல் பஸ். ஆலப்பாக்கம் வருவதற்குள் ரவிக்கை தொப்பல். அவர் ஜன்னலோரம் நல்ல தூக்கம். ஞாயிறானால் என்னோடு சிதம்பரத்திலிருந்து கடலூர் வந்து, துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு வெளியே முந்திரி மர நிழலில் பேப்பர் படிப்பதுதான் என் வீட்டுக்காரரின் ரிட்டயர்மென்ட் வேலை.

பாயின்ட் டூ டூ பிஸ்டல், இருபத்தைந்து மீட்டர். முதல் சுற்று சுமார். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் அது நடந்துவிட்டது.

எழுதக் கை வரவில்லை. எழுதாமல் தூக்கமும் வராது.

தனசேகர் சார்தான் ரேஞ்ச் ஆபீசர். "ஸ்டாப்" சொல்லியிருக்கிறார். எல்லோரும் பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்குக் கேட்கவில்லை. காதில் சத்தம் தடுக்கும் மஃப், கண் முழுக்க பிஸ்டல் நுனியில் இருக்கிற முன் சைட்டில், மூச்சைப் பாதியில் பிடித்து விசையை அழுத்திவிட்டேன். அத்தனை பேரும் சும்மா நிற்க, ஒரே ஒரு வெடி. என்னுடையது.

ரேஞ்சில் இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. ஸ்டாப்புக்கு அப்புறம் எல்லோரும் பேப்பர் டார்கெட்டை மாற்ற முன்னால் நடந்து போவார்கள். சார் ஒவ்வொரு பிஸ்டலாகப் பார்த்து "லைன் க்ளியர்" சொல்லும் வரை யாரும் கோட்டைத் தாண்டுவதில்லை, அதனால் தப்பித்தோம். சாமி புண்ணியம். யாருக்கும் ஒன்றுமில்லை.

"என்ன பண்ணீங்கன்னு தெரியுதாம்மா?"

"நீங்க மெதுவா சொல்லியிருப்பீங்க சார்."

என் வாய் இருக்கிறதே! அந்த மனிதர் குரல் கொடுத்தால் கடலூர் ஓ.டி. வரைக்கும் கேட்கும். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"காதப் பாத்துட்டு வாங்க. அது வரைக்கும் லைன்ல நிக்கக் கூடாது."

பக்கத்து லேன் அமீர் பாய், லால்பேட்டைக்காரர், சவுதியில் இருந்துவிட்டு வந்தவர். என்னை அக்கா என்பார், எப்போதும் ஏதாவது கிண்டல். இன்று இல்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. சுற்று முடிந்ததும் டார்கெட் மாற்ற முதலில் கிளம்புகிறவர் அவர்தான்.

ராத்திரி மோர் சாதம், ஊறுகாய், பி.பி. மாத்திரை.

ஜூலை 8, செவ்வாய்

காது டாக்டர். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னாள் அங்கே டெஸ்ட் எடுக்கிற பெண். பாதி நேரம் கேட்டதா, கேட்ட மாதிரி இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை. எப்போதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்த்தாளோ அப்போதெல்லாம் அழுத்தினேன். உடனே கண்டுபிடித்துத் திருப்பி உட்கார வைத்துவிட்டாள். கெட்டிக்காரி.

ரெண்டு காதிலும் கேட்பது குறைந்திருக்கிறது. வயசு. காதுக்கு மெஷின் வைத்தால் வீட்டில், கடைத்தெருவில் சமாளிக்கலாம்.

"மெஷின் வெச்சுக்கிட்டு மேல மஃப் போட்டா, சொல்றது கேக்குமா டாக்டர்?"

"என்ன மஃப்?"

சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "துப்பாக்கியா? நீங்களா?"

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "அதனாலதான் நான் வீட்ல சொன்ன பேச்சு கேட்டு ஒழுங்கா நடந்துக்கறேன் சார்" என்றார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, மஃப் போட்டால் மெஷின் உதவாது, மஃப் இல்லாமல் சுட்டால் இருக்கிற காதும் போய்விடும் என்றார்.

ஆக, முடிந்தது.

டி.வி. சத்தத்துக்கு நாலு வருஷமாகச் சண்டை போட்ட மனுஷன். "அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கீழ வீதியில் நிறுத்தி இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் என்னை அழ வைத்துவிட்டது. டீக்கடையில், நாலு பேர் பார்க்க.

ஜூலை 10, வியாழன்

கொத்சில் உப்பு இரண்டு தடவை போட்டிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்கிறார்.

தினமும் சாயங்காலம் தண்ணீர் பாட்டிலை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு சுவர் கடிகாரத்தைக் குறி பார்ப்பது வழக்கம், கை நடுங்காமல் இருக்க. மூன்று நாளாகத் தொடவில்லை.

என்ன பெரிய துப்பாக்கி? மெடலா வாங்கினேன்? மாவட்டப் போட்டியில் கடைசிக்கு முந்தின இடம், அதுவும் கடைசி ஆள் வரவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், இங்கே யார் படிக்கப் போகிறார்கள். சர்வீஸ் முழுக்க நர்ஸாக ஊர் ஊராகப் போய் ஊசி போட்டேன். ஸ்ரீமுஷ்ணம் பக்கம் இன்னும் என்னைப் பார்த்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறவர்கள் உண்டு. வீட்டில் மருமகளுக்கு மாமியார், பேரனுக்கு ஆயா. அந்தக் கோட்டில் போய் நின்றால் மட்டும் நான் அஞ்சாம் லேன். வயசு யாரும் கேட்பதில்லை. அந்த ரெண்டு மணி நேரம் இல்லாமல் எப்படி இருக்கப் போகிறேன் என்று தெரியவில்லை.

மத்தியானம் அமீர் பாய் போன். கத்திப் பேசினார், பாவம். "அக்கா, ஞாயித்துக்கெழம வந்துருங்க."

"எதுக்கு? முந்திரி மரத்தடியில பேப்பர் படிக்கவா?"

"சும்மா வாங்கக்கா. மாமாகிட்ட போனக் குடுங்க."

இவர் போனை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். "சரி மச்சான், சரி மச்சான்" என்பது மட்டும் காதில் விழுந்தது. இவருக்கு நாளைக்குக் கடலூரில் பேங்க் வேலையாம். நமக்குக் கடலூரில் ஏது பேங்க்?

ஜூலை 13, ஞாயிறு

லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுத்து, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் போனேன்.

போனால், டார்கெட் சுவரில், அஞ்சாம் லேனுக்கு நேர் மேலே ஒரு சிவப்பு பல்பு. ஏணி இன்னும் சாத்தியபடி. அமீர் பாய் சட்டையெல்லாம் தூசி. என்னோடு வந்த இவர் பையிலிருந்து டேப் சுருளை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்க்கிறார். வெள்ளிக்கிழமை பேங்க் வேலை இதுதான்!

சார் சுவிட்சைக் காட்டினார். "நான் ஸ்டாப் சொல்லும்போது இதையும் போடுவேன். எரிஞ்சா என்ன பண்ணணும்?"

"கைய எறக்கணும் சார்."

"காலித் துப்பாக்கில பாக்கலாம்."

பல்பு எரிந்தது. எனக்குத் தெரியவில்லை. குறி பார்க்கும்போது கண் முன் சைட்டை விட்டு நகராது, அப்படித்தானே பழக்கியிருக்கிறோம். சுவர், டார்கெட் எல்லாம் மங்கல். காலி விசை "டிக்" என்றது. எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விட வேண்டும்போல் இருந்தது.

"விடுங்க சார். இவ்ளோ செஞ்சதே போதும். நான் கெளம்பறேன்."

"உங்கள யாரு கெளம்பச் சொன்னா?" சாரின் அதட்டல். அந்த அதட்டல் நன்றாகவே கேட்டது.

அவரே ஏணியில் ஏறிப் பல்பைக் கழற்றினார். முழங்கால் வலிக்காரர். என் மேஜைக்கு முன்னால் ஒரு கம்பி நட்டு, பிஸ்டல் முனைக்கு ஒரு சாண் கீழே பல்பைக் கட்டினார்கள். ஒயர் இழுக்க மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை ஒருத்தர்கூட சுடவில்லை. ஒருத்தர்கூட வாட்சைப் பார்க்கவில்லை. காலித் துப்பாக்கியில் மறுபடி, மறுபடி. ஒவ்வொரு தடவையும் தெரிந்தது.

"அடுத்த ஞாயிறு குண்டு போட்டுப் பாப்போம். எரிஞ்சதுக்கப்புறம் ஒண்ணு சுட்டாலும் அவ்ளோதாம்மா. அப்புறம் என்னக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன் சார்."

இந்த ஜனங்களுக்கு நான் என்ன செய்துவிட்டேன்? ஒன்றுமே இல்லை. பஸ்ஸில் இவர் தோளில் சாய்ந்து தூங்கினேன், வெட்கமில்லாமல்.

ஜூலை 17, வியாழன். ஆடி ஒன்று

காற்று. மாடியில் காய்ந்த துணி பக்கத்து வீட்டில். கோயிலுக்குப் போய் வந்தேன், பாயசம் வைத்தேன். உப்பு, சர்க்கரை எல்லாம் சரி.

மறுபடி தண்ணீர் பாட்டில். நான் கையை நீட்டி நிற்க, இவர் எனக்குப் பின்னால் ஹால் லைட் சுவிட்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எரிந்தால் இறக்க வேண்டும். ரொம்ப நேரம் போடாமல் படுத்துகிறார், தோள் கடுக்கிறது.

"போட்டுத் தொலைங்களேன்!"

"எதிரி சொல்லிட்டா வருவான்?"

நடுவில் கரன்ட் போனது. அதற்கும் இறக்கிவிட்டேன். ரெண்டு பேரும் இருட்டில் சிரித்தோம்.

ராத்திரி கேட்டேன், "நான் தோத்துட்டா?" யோசித்துவிட்டு, "கடலூர்ல சாப்பிடற ஞாயித்துக்கெழம பரோட்டாவ இனிமே எங்க சாப்பிடறதுன்னு புதுசா யோசிக்கணும்" என்றார். பயப்படுகிறார். எனக்குத் தெரியாதா.

ஜூலை 20, ஞாயிறு

மேகம். காற்று இல்லை. நல்ல வெளிச்சம். பஸ்ஸில் இடம் கிடைத்தது. காலை டிபன் இறங்கவில்லை.

முதல் சுற்றில் பல்பு ஒழுங்காக, ஐந்தும் சுட்ட பிறகு எரிந்தது. இப்படி நம்ப வைத்து அடுத்ததில் சார் விளையாட்டுக் காட்டுவார் என்று புரிந்தது. எப்போது போடுவார் என்று சொல்லவே மாட்டார்.

இரண்டாம் சுற்று. என்ன சொல்ல! முதல் குண்டு நடு. இரண்டாவது அதன் தோளில். மூன்றாவது, நான்காவது எல்லாம் ஒரே ஓட்டைபோல. இந்த ஆறு வருஷத்தில் இப்படி ஒரு சுற்று எனக்கு வந்ததில்லை. ஐந்தாவதுக்குக் கை ஏறியது. முன் சைட் ஆணி அடித்த மாதிரி நின்றது. மூச்சு நின்றது. விசையில் பாதி அழுத்தம் போட்டாயிற்று. இன்னும் ஒரு நூல்.

சிவப்பு.

சுடு, சுடு என்றது உடம்பு முழுக்க. விரலை எடுத்தேன். கையை இறக்கினேன். மேகஸினைக் கழற்றி, உள்ளே இருந்த குண்டை வெளியே எடுத்து, துப்பாக்கி காலி என்று காட்டும் மஞ்சள் கொடியைச் செருகி, மேஜையில் வைத்து, ஒரு அடி பின்னால் வந்தேன்.

சார் வந்தார். குனிந்து பார்த்தார். அந்தச் சுடாத குண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, மஃப்பைத் தூக்கச் சொல்லி சைகை காட்டி, "நல்ல குண்டும்மா இது" என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே முந்திரி மரத்தடியில் இவர் எழுந்து நின்று கழுத்தை நீட்டிப் பார்க்கிறார். கட்டை விரலைக் காட்டினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"லைன் க்ளியர்!"

யாரும் நகரவில்லை. ஒரு நொடி, அவ்வளவுதான். எனக்கு அது போதும், இன்னும் என்னை நம்பவில்லை என்று தோன்றிவிட்டது.

அப்புறம் பக்கத்து லேனிலிருந்து அமீர் பாய் கோட்டைத் தாண்டினார். "வாங்கக்கா, உங்க டார்கெட்டப் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே என் துப்பாக்கிக்கு நேர் முன்னால், முதுகைக் காட்டியபடி, கை வீசி நடந்து போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.