கீழே ஓடிய எழுத்து

மார்ச் 3

அன்புள்ள கண்ணாடிக்கு,

இஸ்திரிக்காரன் எழுதுகிறேன். நம்பமாட்டாய், நானேதான், என் கையால்தான்! எழுபத்தொரு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இந்த வரிகளுக்கே அரை மணி நேரம். ஆகட்டுமே, கையில் சூடான பெட்டியா இருக்கிறது, துணி கருகிப் போக?

பேருந்துப் பலகை, மருந்துச் சீட்டு, பக்கத்து வீட்டுக் கதவில் 'நாய் ஜாக்கிரதை', எல்லாம் படிக்கிறேன். அங்கே நாயே கிடையாது.

அந்தக் காலத்தில் நாம் தங்கியிருந்த சலவைக்கூடத்து அறையில் எட்டுப் பேரும் ஒரு இங்கிலீஷ் விண்வெளித் தொடர் பார்ப்போமே, ஒரு கிரகமே ஒரே மூளையால் யோசிக்குமே, அதை மறுபடி போடுகிறார்கள். அன்றைக்குக் கீழே ஓடும் தமிழ் எழுத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எனக்காகச் சலிக்காமல் வாசித்தவன் நீ. இந்த முறை நானே படிக்கப் போகிறேன். தங்கை மகள் பதிவு செய்து தருகிறாள்.

இடுப்பு வலி எப்படி? இரண்டு வருடமாக ஒரு போன்கூட இல்லையே.

உன்
இஸ்திரி


மார்ச் 14

அன்பு இஸ்திரி,

உன் எழுத்தைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது. நீ மடித்த சட்டை மாதிரியே கச்சிதம். இடுப்பு பரவாயில்லை, பேரன்தான் அதன்மேல் ஏறிக் குதிக்கிறான்.

அந்தத் தொடரையா பார்க்கப் போகிறாய்? கதைதான் தெரியுமே. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. கடைசிப் பகுதியையாவது விட்டுவிடு, அது சுத்த அறுவை. பேசாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வா.

கண்ணாடி


ஏப்ரல் 6

கண்ணாடிக்கு,

கடைசிப் பகுதியைப் பார்த்தேன். நாற்பது நிமிடக் கதை, எனக்கு மூன்று நாள் ஆயிற்று. பொத்தானை அழுத்தி நிறுத்துவேன், திரையில் விரல் வைத்துப் படிப்பேன்.

கூட்டு மூளையிலிருந்து அறுந்து வந்த மெக்கானிக்கை அவன் ஆட்கள் திரும்ப அழைக்கிறார்கள். அவன் பதில் சொன்னதும் தொடர் முடிந்துவிடும். அன்றைக்கு நீ வாசித்தது எனக்கு மனப்பாடம்: "தனியா என்னால முடியல. என்னைச் சேத்துக்கோங்க."

எழுத்தில் இருப்பது: "பயமாக இருக்கிறது. ஆனால் இது என் பயம். நான் வரமாட்டேன்."

என் படிப்பில்தான் தப்பு என்று தங்கை மகளைக் கூப்பிட்டேன். "சரியாத்தான் படிக்கிறீங்க மாமா" என்றாள். சரியாகப் படித்ததற்கு முதல் தடவையாக வருத்தப்பட்டேன்.

அன்றைக்கு நீ வாசித்த மறுநாள் காலையில்தான் நம் சலவைக்கூடத்தில் பட்டன் தைக்கிறவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முன்பே உன்னிடம்தானே யோசனை கேட்டிருந்தேன்! "நீங்க எட்டுப் பேர்ல ஒருத்தரா இருந்தது போதும். வாங்க, நாம ரெண்டு பேரும் தனியா ஒரு வீடு பாக்கலாம்" என்றாளே. அந்த மெக்கானிக்காலேயே முடியவில்லை, நான் எம்மாத்திரம் என்று மாட்டேன் என்றேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே "சரி" என்றாள்.

நீ வாசித்தபோது யாரோ இருமினார்கள். என்னைத் தவிர ஏழு பேருக்கும் படிக்கத் தெரியும். ஏன் ஒருத்தன்கூட வாயைத் திறக்கவில்லை?

இஸ்திரி


ஏப்ரல் 19

இஸ்திரி,

யாரும் பேசி வைக்கவில்லை. என் வாயில் அப்படி வந்துவிட்டது. ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இருமியது நம் அறையில் இருந்த சமையல்காரன். ஒருத்தனாவது "டேய், என்னடா வாசிக்கிற?" என்று கேட்டிருந்தால் சிரித்துத் திருத்தியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. அவள் உன்னைக் கூப்பிட்டது அறைக்கே தெரியும், நீ போனால் அறையே கலைந்துவிடும் என்று எல்லாருக்கும் பயம். உன் நல்லதுக்கு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

போன் பண்ணுடா. பேசித் தீர்த்துக்கொள்வோம்.

கண்ணாடி


மே 2

கண்ணாடிக்கு,

'உன் நல்லதுக்கு' என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. அடுத்த வருடமே கல்யாணம் என்று அறையை விட்டு முதலில் கிளம்பியவன் நீ. உன் பெட்டியைப் பேருந்துவரை தூக்கி வந்தவன் நான்.

போன் செய்ய மாட்டேன். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் தலையாட்டிவிடுவேன். அத்தனை வருடம் அந்தக் குரல் வழியாகத்தானே உலகத்தைப் படித்தேன். நீயும் எழுத வேண்டாம்.

இதை வகுப்பு டீச்சரிடம் காட்டித் திருத்தவில்லை. நாற்பது வருட நண்பனை விடுகிறேன், பயமாகத்தான் இருக்கிறது.

ஒட்டிவிட்டு நானே தபால் பெட்டிக்கு நடக்கப் போகிறேன். எத்தனை மணிக்குக் கடிதம் எடுப்பார்கள் என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. நாலரை. நேற்றே போய்ப் படித்துவிட்டு வந்தேன்.

இஸ்திரி