மெதுவாகச் சுழன்ற மோட்டார்

பாய்,

இன்று காலை கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் வார்னிஷ் கருகும் வாடை வந்தது. மோட்டாருக்குக் காயில் கட்டும் உங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். வாடை வேறு எங்கிருந்தோ. ஆனாலும் உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். நான் ஜவ்வரிசி ஆலையில் எலக்ட்ரீஷியன். கிழங்கு ஏற்றும் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முதலாளி புதிதாக ஒரு டிரைவ் வாங்கி மாட்டியிருந்தார். இரும்புப் பெட்டி, முன்னால் ஒரு திருகு. சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் வெள்ளிமலைக் கிழங்கு லாரிகள் எப்போதாவதுதான் வந்தன. ஆலையை நிறுத்த மனமில்லாமல் பெல்ட்டை நாளெல்லாம் மெதுவாக ஓட்டச் சொன்னார் முதலாளி.

மோட்டார் எரிந்தது. நீங்கள் காயில் கட்டித் தந்தீர்கள். மறுபடியும் எரிந்தது.

"பாய் பழைய கம்பியப் போட்டு ஏமாத்திக்கினு கீறாரு," என்றார் முதலாளி, எல்லோர் முன்னாலும். நீங்களோ என்னைத் தனியே இழுத்து, "உள்ள எவனோ கை வைக்கிறான். கலாட்டா நேரம், யாரையும் நம்பாத," என்றீர்கள்.

அடுத்த முறை நீங்கள் கட்டி முடித்த அன்று பஸ் ஓடவில்லை. மோட்டாரை சைக்கிள் கேரியரில் கட்டி மிதித்து வந்தீர்கள். மாட்டிய பிறகும் போகவில்லை. பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் கைகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. மதியத்துக்குள் மோட்டாரின் மேல் கை வைக்க முடியாத சூடு.

நான் தோள்துண்டின் நுனியை அதன்மேல் பிடித்தேன். அசையவில்லை.

"இன்னா, காத்தே வரல?" என்றீர்கள்.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது. மோட்டார் மெதுவானால் அதுவும் மெதுவாகிவிடும். ஆபீஸிலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து வைத்தோம். சூடு தணிந்தது. பிறகு அந்த மோட்டார் எரியவே இல்லை.

முதலாளி முன்னால் போய் நின்றீர்கள். "இப்ப சொல்லுங்க மொதலாளி. நான் போட்டது பழைய கம்பியா?"

"அதான் ஓடுதே. வுடு பாய்," என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல்.

வாசலில் சைக்கிளை எடுக்கும்போது என்னைக் கேட்டீர்கள். "நீயும் அப்டித்தான் நெனச்சியா?"

"சத்தியமா இல்ல பாய்."

உண்மையைத்தான் சொன்னேன். நீங்கள் சைக்கிளில் ஏறி மிதித்துப் போனீர்கள். அந்த ஆலையின் வேலையை அதன்பின் நீங்கள் தொடவில்லை.

பின்னாளில் கச்சிராயபாளையத்திலிருந்து என் வயல் மோட்டாரை உங்களிடம் கொண்டுவருவேன். ஒவ்வொரு முறையும் கம்பியில் ஒரு துண்டு வெட்டி என் உள்ளங்கையில் வைத்து, "பாத்துக்க, புதுசு," என்பீர்கள். "எனக்கு எதுக்கு பாய்?" என்றாலும் விடமாட்டீர்கள். நீங்கள் மறைவதற்கு முன் கடைசியாக நான் வந்தபோதும் வைத்தீர்கள்.

உங்களை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை, பாய். அதை நீங்கள் நம்பினீர்களா என்பது மட்டும் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.