ஜாஸ்தி ஓட்டு வாங்கித் தோற்றவர்

பிலடெல்பியா,
1889 பிப்ரவரி 3.

அன்புள்ள மச்சான் ஆரோக்கியசாமிக்குத் தானியேல் எழுதிக்கொண்டது. இங்கே உயிரோடு இருக்கிறேன். சுகம் என்று எழுதினால் பொய். நீயும் தங்கை அன்னம்மாளும் குழந்தைகளும் சுகமா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. உன் டிசம்பர் கடிதத்தை நாலு தரம் படித்துவிட்டேன்.

குற்றம் என்னுடையது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். உன் முதலாளி சமத் சாகிப் தோலையெல்லாம் பதனிடாமல் உப்புத் தோலாகவே விற்றுவிடலாம் என்றுதான் இருந்தார். இங்கே பிரசிடெண்ட் எலெக்ஷனில் தோல் வரியைக் குறைப்பவர் ஜெயித்துவிட்டார் என்று நான் அவசரப்பட்டு "நம்மவர் ஜெயம், பதனிடுங்கள்" என்று தந்தி கொடுத்தேன். நீ அதை நம்பி, மேஸ்திரி என்கிற முறையில் உன் வாக்கைப் பணயம் வைத்து, பன்னிரண்டாயிரம் தோலையும் சுண்ணாம்புக் குழியில் இறக்கினாய். அவர் தோற்றுவிட்டார் என்று மூன்று நாள் கழித்து நான் அனுப்பிய இரண்டாவது தந்தி வந்தபோது மயிரெல்லாம் கழன்றுவிட்டது. இனி அது உப்புத் தோல் ஆகாது. இங்கே ஜெயித்த கட்சியோ, பதனிட்ட தோலுக்கு வரியைக் கூட்டுவோம் என்று கத்திக்கொண்டிருக்கிறது. நம் தோலை இங்கே யார் தொடுவார்கள்?

சாகிப் உன்னிடம், "ஜாஸ்தி ஓட்டு வாங்கினவன் தோத்தானாம், கம்மி வாங்கினவன் ஜெயிச்சானாம். இன்னா மேஸ்திரி, நான் இன்னா பச்சைக் குழந்தையா?" என்று கேட்டாராமே. அவர் கேட்டதில் தப்பே இல்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்று ஒருவன் சொன்னால் நானும் அப்படித்தான் கேட்பேன். ஆனால் மச்சான், இந்தத் தேசத்தில் கேழ்வரகில் நெய் வடிகிறது. பிரசிடெண்டை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. சாகிபுக்கு இப்படிச் சொல். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று மூன்று ஊர் ஓட்டுப் போடுகிறது என்று வை. குடியாத்தத்தில் ஆயிரம் பேரும் உனக்கே போடுகிறார்கள். மற்ற இரண்டு ஊரிலும் எனக்குப் பத்துப் பத்து ஓட்டு ஜாஸ்தி. தலை எண்ணினால் நீ எங்கேயோ நிற்கிறாய். ஆனால் ஊர் எனக்கு இரண்டு, உனக்கு ஒன்று. நாட்டாமைத் தலைப்பாகை எனக்கு! இங்கே முப்பத்தெட்டு ராஜ்ஜியங்களை இப்படித்தான் எண்ணுகிறார்கள். இதைப் பெரியவர்கள் நூறு வருஷத்துக்கு முன்னால் யோசித்து வைத்த ஞானம் என்று என்னோடு வேலை செய்கிறவன் பெருமையாகச் சொன்னான். நான் இந்த ஞானம் தெரியாமல், தெருவில் மொத்தக் கணக்கு யாருக்கு ஜாஸ்தி என்று கேட்டுவிட்டுத் தந்தி ஆபீசுக்கு ஓடினேன்.

கட்சி என்பது இரண்டுதான். ரிபப்ளிகன், டெமாக்ரட். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? வரியைக் குறைப்பேன் என்ற ஒரே காரணத்துக்காக நாம் டெமாக்ரட்டை நம்மவர் என்றோம். அவருக்கு ஆம்பூர் கிழக்கா மேற்கா என்று தெரியுமா? யார் நிற்பது என்பதைப் பெரிய கொட்டகையில் கூடிக் கூச்சல் போட்டு முடிவு செய்கிறார்கள். கூச்சல் வெளியே, முடிவு உள் அறையில். பிறகு பேண்டு, தீவட்டி, ஊர்வலம். நம் ஊர்த் திருவிழாவிலாவது கடைசியில் சாமி வரும். ஜெயித்த கட்சி தபால்காரன் வரைக்கும் வேலையைவிட்டு இறக்கிவிட்டுத் தன் ஆளை ஏற்றுகிறது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கட்சி நாட்டாமை. அவன் கல்யாணத்துக்கு வருவான், சாவுக்கு வருவான், குளிருக்குக் கரி கொடுப்பான். ஓட்டன்றைக்கு வாசலில் வந்து நிற்பான், கரி வாங்கினவன் தன் ஓட்டை அவனுக்கு விற்பான். ஓட்டுச் சீட்டை அடிப்பது சர்க்கார் இல்லை. கட்சிகளே ஆளுக்கொரு தினுசாக அடித்துக் கொடுக்கின்றன. எந்தச் சீட்டைப் பெட்டியில் போடுகிறாய் என்று தெருவே பார்க்கும். இதற்குப் பெயர் சுதந்திரமாம். தூ!

இனி எழுதப்போவதை எழுத மனமில்லை. ஆனால் எழுதாமல் தீராது. ஜெயித்த கட்சியிடம் காசு வாங்கிக்கொண்டு நான் வேண்டுமென்றே பொய்த் தந்தி கொடுத்தேன் என்று சாகிபுக்குச் சந்தேகமாம். அந்தக் கட்சியோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நான் பைபிள்மேல் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டு, ரம்ஜான் பிறை தெரிவதற்குள் அனுப்பினால் உன்னை வேலையில் வைத்துக்கொள்வதாகச் சாகிப் சொல்கிறார். நியாயமான மனுஷர். நான்கு வரி எழுதினால் போதும், உன் வீட்டு அடுப்பு எரியும். மூன்று தரம் எழுதினேன். மூன்றையும் கிழித்துவிட்டேன்.

நான் ஓட்டுப் போட்டேன், மச்சான். இந்த மண்ணில் எனக்கு ஓட்டே கிடையாது. ஆனாலும் போட்டேன். நான் வேலை செய்கிற தோல் மில்லின் முதலாளி ரிபப்ளிகன். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட நம் தோல் வராவிட்டால் தோலைத் தானே பதனிட்டுக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. ஓட்டன்று காலையில் ஃபோர்மேன் எங்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, மடித்த ரிபப்ளிகன் சீட்டைக் கையில் கொடுத்து, பெட்டிவரைக்கும் தலைக்குமேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னான். நான் பிரஜை இல்லை என்றேன். இன்றைக்கு உன் பெயர் பேட்ரிக் டூலன் என்றான். டூலன் என் பக்கத்து மேஜையில் தோல் தரம் பிரித்தவன். ஆகஸ்டில் செத்துப்போனான். அவன் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். என் கறுத்த மூஞ்சியைப் பார்த்து அந்த ஓட்டுச் சாவடி அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பைபிளை நீட்டினான். நான் டூலன் என்று சத்தியம் செய்தேன். அந்தப் புஸ்தகத்துக்குள்தான் என் பெயர்க்காரன் ராஜ கட்டளைக்குப் பணியாமல் சிங்கக் கெபியில் நின்றான். நான் ஒரு ஃபோர்மேனுக்கு முன்னால் நிற்கவில்லை. குளிர்காலம் வருகிறது, வேலை போனால் எங்கே போவேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை. ஓட்டை விற்றவர்களை இத்தனை பக்கம் திட்டினேனே, அவர்களாவது தங்கள் சொந்த ஓட்டை விற்றார்கள்.

என் ஒரு சீட்டால் அந்த ரிபப்ளிகன் ஜெயிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நீ அப்படிச் சொல்லி என்னைத் தேற்ற வேண்டாம்.

பொய்ச் சத்தியம் ஒன்று செய்தாகிவிட்டது. உனக்காகக்கூட இரண்டாவதைச் செய்ய என்னால் முடியவில்லை. என்மேல் கோபம் வந்தால் வரட்டும். அன்னம்மாள் என்னைத் திட்டினால் தடுக்காதே. உன் வேலை போனால் அது என்னால் என்று அவளுக்கு நீயே சொல்லிவிடு, ஊரார் சொல்லி அவள் கேட்க வேண்டாம்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக. சாகிபுக்கு என் சலாம். இந்தக் கடிதத்தை அவரிடம் எடுத்துக்கொண்டு போ. எலெக்ஷன் விவரம் எழுதிய பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று உனக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. நிறுத்தாதே, மச்சான். கடைசி வரைக்கும் படித்துக் காட்டு.

இப்படிக்கு,
தானியேல்.