மூச்சுக்கு ஏது கூச்சம்

என் பிரியமுள்ள சாந்தா,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுத வேண்டிய அளவுக்கு நீ என்னைவிட்டுத் தள்ளிப் போனதில்லை. பிரசவத்துக்குப் பிறந்த வீடு போனபோதும் நன்னிலம் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். இப்போது எழுதுகிறேன். வாயால் சொல்லி முடிக்க மூச்சு போதவில்லை. எழுதுவதற்கு மூச்சு வேண்டாம், வலது கை போதும். அது பழையபடி இருக்கிறது.

உனக்கு எழுதுவதை ஏன் நாலு பேர் படிக்க விடுகிறேன் என்று கேட்பாய். நம் வீட்டு விஷயம் ஒன்று தெருவுக்குப் போய்விட்டது. தெருவில் பேசியதற்குத் தெருவில்தானே பதில் சொல்ல வேண்டும்?

நீ போன மறு வருஷம், சம்பா நாற்றங்காலில் தண்ணீர் வடியவிட்டுக்கொண்டிருந்தேன். இடது கால் வரப்பில் நிற்கவில்லை. வரப்பு வழுக்குகிறது என்றுதான் நினைத்தேன். பக்கத்து வயலில் இருந்த முருகையன் ஓடி வந்து, என் வாய் கோணியிருந்ததைப் பார்த்துக் கத்தினான். பக்கவாதம். இடது பக்கம் முழுக்க எடுத்துக்கொண்டது. நம் செந்தில் சிங்கப்பூரிலிருந்து வந்தான், ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தான், லீவு தீர்ந்ததும் அழுதுகொண்டே திரும்பிப் போனான். வீட்டில் நானும் மருமகள் தேன்மொழியும்தான்.

குளிப்பாட்ட, வேட்டி மாற்ற முருகையன் காலையில் வருகிறான். அதை முடித்துவிட்டு அவன் வயலுக்குப் போய்விடுவான். கை கால் பயிற்சி கொடுக்க இளங்கோ என்ற பிசியோதெரபி தம்பி வாரத்தில் இரண்டு நாள் ஸ்கூட்டரில் வருவார். முதல் நாளே அவர் என் காலைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சைத்தான் பார்த்தார்.

"ஐயா, மூச்ச நல்லா இழுங்க. இன்னும். தேன்மொழிக்கா, இங்க பாருங்க, வலது பக்க விலா விரியுது. இடது பக்கம் அப்படியே கெடக்குது பாருங்க" என்றார். "கை கால்ல மட்டும் இல்லீங்க, மூச்சு விடுறதுக்கும் சதை வேணும். அதுவும் இடது பக்கத்துல தூங்குது. இதனாலதான் ரெண்டு வார்த்தை பேசுனா எளைக்குது. இருமுனா சத்தம் வருது, பலம் வரல. சளி உள்ளயே தேங்குச்சுன்னா நிமோனியாவுல கொண்டுபோய் விட்டுடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மூச்சு விடுவதற்கும் ஒரு வாத்தியாரா?

சில பயிற்சிகளை நானே செய்ய முடிந்தது. வலது கையை வயிற்றின்மேல் வைத்து, மூக்கால் மெல்ல இழுத்தால் கை மேலே எழும்ப வேண்டும். பிறகு உதட்டைக் குவித்து, சூடான டீயை ஆற்றுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஊதிவிட வேண்டும். மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்தார். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து எழும்பும். என் உறிஞ்சலுக்கு முதல் பந்து அசைந்துகொடுத்ததோடு சரி.

மற்ற இரண்டுதான் என்னைத் தின்றன. நான் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் என் இடது விலாவின் அடிப்பக்கம் உள்ளங்கையைப் பதித்து, மூச்சு வெளியே போகும்போது இதமாக அழுத்த வேண்டும். பிறகு அந்தக் கையைத் தள்ளுகிற மாதிரி நான் மூச்சை இழுக்க வேண்டும். என் வலது கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தால்தான் நான் சாயாமல் உட்கார முடியும், அதனால் அதை நானே செய்துகொள்ள வழியில்லை. இருமுவதற்கும் அப்படித்தான். விலாவுக்குக் கீழே இரண்டு கையையும் வைத்து, நான் இருமுகிற அதே நேரத்தில் உள்ளும் மேலுமாக ஒருவர் அழுத்திக் கொடுக்க வேண்டும். தினமும், வேளைக்கு வேளை. அந்த ஒருவர் யார்? தேன்மொழியைத் தவிர வீட்டில் யார் இருக்கிறார்கள்?

உனக்குத் தெரியும் சாந்தா. அவள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து காபி டம்ளரைக்கூட என் கையில் கொடுத்ததில்லை, ஸ்டூலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். நானும் அவள் முகம் பார்த்துப் பேசியது குறைவு. அந்தப் பெண் என் வெற்று நெஞ்சில் கை வைப்பதா? அதுவும் எச்சில் ஒழுகிக்கொண்டிருக்கும்போது? என் இடது பக்க உதடு மூடாது. குவித்து ஊதினால் எச்சில் தாடையில் வழியும். உன் கை என்றால் நான் வெட்கப்பட்டிருக்க மாட்டேன் என்று அப்போது நினைத்தேன். உன்னிடமும் வெட்கப்பட்டிருப்பேனோ?

இளங்கோ சொல்லிப் பார்த்தார். "மூச்சுக்கு ஏது ஐயா கூச்சம்? அது உள்ள போவணும், வெளிய வரணும், அவ்வளவுதான்." அவர் இருக்கும்போது தலையாட்டினேன். அவர் போனதும் தேன்மொழியிடம், "நீ கிட்ட வராத. நானே பாத்துக்கறேன்" என்றேன். சாயங்காலம் வந்து, "மூச்சுப் பயிற்சி பண்ணீங்களா மாமா?" என்பாள். "ஆச்சு" என்பேன். ஒரு பந்துகூட எழும்பியிருக்காது. உள்ளுக்குள் எனக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இப்படியே மூச்சு குறைந்து குறைந்து நின்றுவிட்டால் உன்னிடம் வந்துவிடலாமே என்று.

ஐப்பசி அடைமழையில் சளி பிடித்தது. ஒரு மத்தியான வேளை, நிமிர்ந்து உட்காரச் சோம்பல்பட்டு, சாய்ந்தபடியே கஞ்சி குடித்தேன். புரையேறியது. இருமினேன், இருமல் வரவில்லை. தொண்டையில் கொழகொழவென்று ஏதோ அடைத்துக்கொண்டு மேலும் வராமல் கீழும் போகாமல் நின்றது. சாக வேண்டும் என்று நினைத்தவன் நான்தான். ஆனால் அந்த நேரத்தில் என் வலது கை கட்டில் சட்டத்தைப் போட்டு அடித்துக் கூப்பிட்டது யாரை என்று நினைக்கிறாய்?

தேன்மொழி ஓடி வந்தாள். "மன்னிச்சுக்குங்க மாமா" என்றாள். கட்டிலில் ஏறி எனக்குப் பின்னால் உட்கார்ந்து, என்னை நிமிர்த்தி முன்னால் சாய்த்து, இரண்டு கையையும் விலாவுக்குக் கீழே கட்டிக்கொண்டாள்.

"இருமுங்க மாமா. இப்ப. இன்னொரு தரம். விடாதீங்க."

அவள் அழுத்த அழுத்த, எத்தனையாவது தடவையோ, சளியும் கஞ்சியுமாக வெளியே வந்து விழுந்தது. பாதி அவள் கையிலும் புடவையிலும். காற்று உள்ளே போன சத்தம் எனக்கே கேட்டது.

அந்தச் சமயம் பார்த்து வாசற்படியில் உன் நாத்தனார், தனபாக்கியம் அக்கா, குடையோடு நின்றிருந்தது.

"என்னடி கண்றாவி இது? புருஷன் ஊர்ல இல்லாத வீட்டுல, மாமனாரக் கட்டிப் புடிச்சுக்கிட்டு கட்டில்ல ஒக்காந்திருக்க?"

"கஞ்சி பொரையேறிடுச்சு பெரியம்மா."

"பொரையேறுனா தலையில தட்டு. இது என்ன புதுப் பழக்கம்?"

அக்கா என்னைப் பார்த்தது. தேன்மொழியும் பார்த்தாள். ஒரு சொல், "அவ காப்பாத்துனா" என்று ஒரே ஒரு சொல் போதும். எனக்கு அப்போது மூச்சு வந்துவிட்டது சாந்தா. ஒரு சொல்லுக்குப் போதுமான மூச்சு நெஞ்சில் இருந்தது. நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். மூச்சு இல்லாததால் பேசவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பக்கவாதம் வந்து வாய் கோணியபோது எனக்கு வராத அவமானம் அன்றைக்குச் சுவரைப் பார்த்தபடி வந்தது. இன்னும் போகவில்லை.

அக்கா தெருவில் சொன்னது. தெரு சிங்கப்பூருக்குச் சொன்னது. செந்தில் போன் செய்து என்ன கேட்டான் என்று எனக்குத் தெரியாது. சமையலறையிலிருந்து தேன்மொழியின் குரல் மட்டும் கேட்டது. "உங்கப்பா மூச்சு விடணுமா, வேணாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." பிறகு வெகுநேரம் பாத்திரம் தேய்க்கிற சத்தம். அழுதாளோ என்னவோ.

அடுத்த முறை இளங்கோ வந்தபோது அவள்தான் கேட்டாள். "தம்பி, கை படாம இதச் செய்ய முடியுமா? மாமாவுக்குச் சங்கடமா இருக்கு." தனக்குச் சங்கடம் என்று சொல்லவில்லை, தெரு பேசியதையும் சொல்லவில்லை. அவர் ஒரு நீளத் துண்டை எடுத்து என் விலாவைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முனையையும் அவள் கையில் கொடுத்தார். மூச்சு வெளியே போகும்போது துண்டை லேசாக இறுக்க வேண்டும், நான் இழுக்கும்போது நெகிழ்த்திக்கொண்டே வர வேண்டும். நான் துண்டைத் தள்ளி விலாவை விரிக்க வேண்டும். அன்று முதல் அவள் பக்கவாட்டில் நின்று, துண்டைப் பிடித்து, "இழுங்க மாமா, துண்ட ஜெயிங்க" என்பாள்.

என்னை அவமானப்படவிடாமல் பார்த்துக்கொள்ள அவள் வழி தேடியிருக்கிறாள். அவளுக்காக ஒரு சொல் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. இதை எந்த முகத்தோடு உனக்கு எழுதுவது?

பொங்கலுக்குள் இரண்டாவது பந்து எழும்பியது. சளியை நானே இருமி வெளியேற்றுகிற அளவுக்கு வந்துவிட்டேன். பேச்சும் முன்னைவிடப் பரவாயில்லை, நிறுத்தி நிறுத்திச் சொன்னால் அடுத்தவருக்குப் புரிகிறது.

அறுவடை மிஷின் வயலில் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் அக்கா வந்தது. தேன்மொழி துண்டைப் பிடித்திருந்தாள். "இன்னும் இந்தக் கூத்து நடக்குதா தம்பி?" என்று சிரித்தது. தேன்மொழி துண்டைக் கீழே வைக்கப் போனாள். "புடி" என்றேன். வயிறு மேலே எழும்புகிற மாதிரி மூக்கால் இழுத்துக்கொண்டேன்.

"அக்கா. அன்னிக்கு அவ... என்னயத் தொடலன்னா... நீ பதினாறு சாப்புட... வந்துருப்ப."

அக்கா வாயைத் திறந்தது. நான் விடவில்லை. மறுபடி இழுத்துக்கொண்டேன்.

"தெருவுல சொன்னல்ல... இதயும் தெருவுல போயி சொல்லு."

எச்சில் வழிந்தது. துடைக்கவில்லை, வழியட்டும் என்று விட்டேன். அக்கா வாசல் பக்கம் திரும்பியது. "ஒனக்கு ஒண்ணுன்னா எனக்கு மட்டும் தாங்குமாடா?" என்று முனகிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டது. அதற்குக் கோபமா, வருத்தமா, இரண்டுமா, தெரியவில்லை. தெருவில் போய்ச் சொன்னதா என்பதும் தெரியவில்லை. அதனால்தான் நானே சொல்லிவிடுகிறேன்.

தேன்மொழி ஒன்றும் நடக்காத மாதிரி துண்டை இறுக்கினாள். "கடேசியா சொன்னீங்கல்ல மாமா, நடுவுல ஒரே ஒரு தரந்தான் நின்னீங்க" என்றாள். அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். வார்த்தையாக வரவில்லை, அழுகையாக வந்தது. அதுவும் மூச்சுக்கு நல்லதில்லை என்று அவள் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

நேற்று அவள் அம்மா முத்துப்பேட்டையிலிருந்து போன் செய்தார்கள். தங்கைக்கு வளைகாப்பு. "மாமாவ விட்டுட்டு எப்படிம்மா வர்றது?" என்று இவள் சொன்னது காதில் விழுந்தது. அப்போதுதான் உறைத்தது. நான் படுத்ததிலிருந்து இந்தப் பெண் பிறந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஒருதரம்கூட அவள் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நீ இருந்திருந்தால் முதல் மாதமே பஸ் ஏற்றி அனுப்பியிருப்பாய்.

கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "பத்து நாள் இருந்துட்டு வா. முருகையன ராத்தங்கச் சொல்லியிருக்கேன், துண்டு புடிக்க அவனுக்குச் சொல்லிக் குடு." இன்று காலையில் முருகையனுக்குப் பாடம் நடக்கிறது. உழவு மாட்டுக் கயிறு மாதிரி இழுக்கிறான், அவள் அதட்டுகிறாள்.

உனக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன் சாந்தா. உன்னிடம் வர நான் அவசரப்பட்டேன். இனி அவசரப்பட மாட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்துதான் கஞ்சி குடிப்பேன், செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண் முத்துப்பேட்டையில் மனசு விட்டுச் சிரித்து, வயிறாரச் சாப்பிட்டு, திரும்பி வந்து இந்தப் படியில் கால் வைக்கும்போது, "வாம்மா தேன்மொழி" என்று ஒரே மூச்சில் சொல்ல நான் இருப்பேன்.

அதுவரை, அதற்குப் பிறகும் கொஞ்ச காலம், நீ பொறுத்துக்கொள்.

தேன்மொழியின் மாமனார்,
உன் வீட்டுக்காரன்
கோவிந்தராசு