முப்பத்தெட்டு மார்க்

ஓசூர், 14.3.94

அம்மா,

நீ ரேஷன் கடையிலிருந்து வருவதற்குள் நான் பெங்களூர் பஸ் பிடிக்க வேண்டும். ரசம் நான் வைத்தது, தைரியமாகச் சாப்பிடு. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுச் சரசம்மா அக்காவிடம் கொடு.

நேற்று நீ, "இனிமே அந்த ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டன்டா" என்றதும் கத்திவிட்டேன். தப்பு என்னுடையது. பத்து நாளைக்கு முன்னால், உன் மார்பு ஆபரேஷனுக்கு அப்புறம் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் முப்பத்தெட்டு என்று வாசித்தேன். "முப்பத்தஞ்சு தாண்டிட்டா பாஸ்தான?" என்றாய். தலையாட்டினேன். நீ தெருவுக்கே கேசரி கொடுத்தாய். நானும் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இந்தப் பரீட்சையில் மார்க் குறைந்தால்தான் நல்லது. போன தடவை பதினெட்டு. நோய் வேறெங்காவது பரவியிருக்குமோ என்று டாக்டர் என்னிடம் சந்தேகமாகச் சொன்னார். எலும்பை ஸ்கேன் எடுத்தால்தான் உறுதியாகத் தெரியுமாம். அதற்கு நாள் வாங்கத்தான் இப்போது போகிறேன்.

அப்பாவுக்குத் தெரியாது. நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

தங்கவேலு

பி.கு.: வந்ததும் உன் கையால் நாலு அறை வாங்கிக்கொள்கிறேன். ஸ்கேனுக்கு மட்டும் வரமாட்டேன் என்று சொல்லாதே. பத்து நாளாகத் தனியாகவே பயந்து பார்த்தேன் அம்மா, முடியவில்லை.