பஸ் ஸ்டாப்பில் நிற்பவன்

மேற்கு மாம்பலம்
12-8-1971

அன்புள்ள புஷ்பத்துக்கு,

நீயும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை. பட்டணத்துக் காய்ச்சல் என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறது.

ஒரு சின்னச் சங்கதி. முன்னே சாமி படம் ஓடியது, பிறகு ராஜா படம். இப்போது எல்லாமே பேண்ட் சட்டைப் படம்தான். இப்படி ஆகும் என்று ஒரு பெரிய டைரக்டரிடம் நான் அப்போதே சொன்னேன், அவர் கேட்கவில்லை. இத்தனை வருஷம் ஈட்டியோடு நான் காவல் நின்றதால்தான் அந்தக் கோட்டைகளெல்லாம் விழாமல் இருந்தன.

நேற்று மேக்கப்காரன் தணிகாசலம், "இன்னா நைனா, ராஜா காலம் பூடுச்சு. மீசைய எட்த்துரு" என்றான்.

"எடுத்துட்டா என் வீட்டுக்காரிக்கே அடையாளம் தெரியாதே!"

"அடையாளம் தெரியாம நிக்கறதுக்குத்தான் உன்ன இட்டாந்துகீறாங்க."

மீசை, தோள்வரை வளர்த்த முடி, இரண்டும் போயின. செட்டே கண்கலங்கியது.

ஆகையால் இனி சீயக்காய்த்தூள் வேண்டாம். பருப்புப்பொடி அனுப்பு. பிள்ளைகள் போட்டோ இருந்தால் அதையும் கூட வை.

இப்போது எடுக்கிற படம் பொங்கலுக்கு நம் கொட்டகைக்கு வரும். பஸ் ஸ்டாப் கூட்டத்தில் காதைச் சொறிந்துகொண்டு நிற்பவன் நான். அப்படிச் செய்ய யாரும் சொல்லவில்லை, நீ கண்டுபிடிக்கத்தான் செய்தேன். சின்னவனுக்கும் காட்டு.

ஷூட்டிங் வண்டி வந்துவிட்டது.

சுயம்புலிங்கம்